மேசைக்கு அடியில் இரண்டு சீட்டு: பிராக் நகரின் அமெரிக்கத் தூதர் மாளிகை

கல்யாண வீட்டில் பாத்திரம் மாறிப்போனால் விளிம்பைத் திருப்பிப் பார்ப்போம். அது யார் வீட்டு அண்டா என்று வெட்டியிருக்கும் பெயர் சொல்லிவிடும். அரசு அலுவலக நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண்ணுக்கும் அதே வேலைதான். 2011இல் செக் குடியரசுக்கு அமெரிக்கத் தூதராக வந்த நார்மன் ஐசன், தான் குடியேறிய மாளிகையில் ஒரு பழைய மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அமெரிக்க அரசின் சரக்கு எண் ஒட்டியிருந்தது. அது இருக்க வேண்டியதுதான். பக்கத்திலேயே இன்னொரு சீட்டு, ஸ்வஸ்திகா போட்டது, நாஜி ஜெர்மனியின் கணக்கு.

மாளிகையைக் கட்டியதோ ஒரு யூத வங்கியாளர். ஐசனும் யூதர். அவருடைய தாய் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா போனவர்.

அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இங்கே விஷயம். தூதரகக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கட்டடக் கலையில் தொடங்கி விருந்தில் முடிந்துவிடும். அந்தச் சொத்து எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்பவர் குறைவு. பிராக்கில் அமெரிக்காவுக்கு இரண்டு பழைய கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று அலுவலகம், மற்றது தூதரின் வீடு. இரண்டும் வந்த வழி வேறு வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை பிடிபடும்.

முதலில் அலுவலகம். பிராக் கோட்டை மலையின் அடியில், மாலா ஸ்ட்ரானா என்ற பழைய பகுதியில் இருக்கிறது ஷோன்போர்ன் அரண்மனை. 1640களிலும் 50களிலும் ருடால்ஃப் கொலொரெடோ என்ற தளபதி கட்டியது. முப்பதாண்டுப் போரின் கடைசியில், 1648இல், சுவீடன் படையிடமிருந்து பிராக் நகரைக் காத்தவர் இவர். ஒரு காலைப் போரில் இழந்தவர், அதனால் குதிரையை விட்டு இறங்காமலே மாடிக்குப் போகும்படி படிகளை அகலமாகவும் தாழ்வாகவும் போடச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. இது உண்மையோ இல்லையோ, அரண்மனைக்கு ஒரு கதை வேண்டுமே. அப்புறம் கட்டடம் பல குடும்பங்களின் கைக்கு மாறி, ஷோன்போர்ன் குடும்பத்திடம் வந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அரண்மனையின் அந்தஸ்து தேய்ந்து, உள்ளே அறைகளைப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

1917 மார்ச்சில் அங்கே ஒருவர் குடிவந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, சட்டத்தில் டாக்டர் பட்டம், வயது 33. பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா. பெற்றோர் வீட்டின் சத்தத்திலிருந்து தப்பி எழுதுவதற்குத் தனி இடம் தேடியவருக்கு, சமையலறைகூட இல்லாத இந்தக் குளிர்ந்த அறைகள் சொர்க்கமாகத் தெரிந்தன. ஆகஸ்ட் மாதம், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், வாயில் ரத்தம் வந்து எழுந்தார். நிற்காமல் வந்தது. எழுந்து நடந்தார், ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார், ரத்தம் ஒருவழியாக நின்றதும் படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் வேலைக்கு வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “டாக்டர், உங்களுக்கு இனி அதிக நாள் இல்லை” என்று செக் மொழியில் சொல்லியிருக்கிறார். அதைக் காஃப்காவே பிறகு ஒரு கடிதத்தில் எழுதினார். வந்தது காசநோய். சில வாரங்களில் அறைகளைக் காலி செய்தார். 1924 ஜூனில் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு, 1925இல், அமெரிக்க அரசு இந்த அரண்மனையை விலைக்கு வாங்கியது. நடுவில் ஒருவர் இருந்தார். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா என்ற புது நாடு பிறந்ததும் அமெரிக்காவின் முதல் தூதராக வந்தவர் ரிச்சர்ட் கிரேன். இவருடைய அப்பா சார்லஸ் கிரேன் பெரும் தொழிலதிபர், அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக்குக்கு நெருங்கிய நண்பர். தூதர் தங்கவும் வேலை பார்க்கவும் தகுந்த கட்டடம் இல்லை என்பதால் மகன் தன் சொந்தக் காசில் அரண்மனையை வாங்கினார். பிறகு தன் அரசுக்கே 1,17,000 டாலருக்கு விற்றார். நூற்றுக்கு மேல் அறைகள், பின்னால் மலைச்சரிவில் ஏறும் ஏழு ஏக்கர் அளவிலான தோட்டம். அன்றைக்கும் அது கொள்ளை மலிவுதான். கிரேனின் தங்கை பிரான்சிஸ், மசாரிக்கின் மகன் யான் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம். யான் மசாரிக் பின்னால் வெளியுறவு அமைச்சரானார். அவர் கதையின் முடிவு இன்னும் சில பத்திகள் கழித்து வரும்.

இந்த முதல் கைமாற்றத்தில் யாருக்கும் அநியாயம் நடந்ததாகத் தெரியவில்லை. பேரரசு போய்க் குடியரசு வந்த ஊரில், பராமரிக்க முடியாத பெரிய வீட்டை ஒரு பிரபுக் குடும்பம் விற்றது, டாலர் வைத்திருந்தவர் வாங்கினார். அவ்வளவுதான்.

இனி வீட்டுக்கு வருவோம். கோட்டைக்கு வடக்கே பூபெனெச் என்ற பணக்காரப் பகுதி. அங்கே 1924இல் ஓட்டோ பெட்செக் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். பெட்செக் குடும்பம் ஜெர்மன் மொழி பேசிய யூதக் குடும்பம். வட பொஹீமியாவின் பழுப்பு நிலக்கரியும் வங்கியும் அவர்களுடைய தொழில். நாட்டிலேயே மிகப் பெரிய பணக்காரர்கள் என்று பேசப்பட்டவர்கள். கட்டடக் கலைஞர் மாக்ஸ் ஷ்பீல்மான். ஆனால் ஓட்டோவின் கையில் அவர் பட்ட பாடு சாதாரணமல்ல. பிரெஞ்சு அரண்மனைகளை மனத்தில் வைத்து, முகப்பையே வில் போல வளைத்துக் கட்டச் சொன்னார் ஓட்டோ. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு கைப்பிடியிலும் தலையிட்டார். திட்டம் மாறிக்கொண்டே இருந்தது, வேலை ஐந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. நிலவறையில் நீச்சல் குளம். குளிர்காலத் தோட்டம் என்ற கண்ணாடிக் கூடத்தில் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் அந்தச் சுவர் அப்படியே தரைக்குள் இறங்கிவிடும், கூடமும் தோட்டமும் ஒன்றாகிவிடும். 1920களில் இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் ஊரில் சொல்வது ஓட்டோவுக்கு வீட்டு விஷயத்தில் அப்படியே பொருந்தும். அவர் அதில் வாழ்ந்தது நான்கைந்து ஆண்டுகள்தான். 1934இல், ஐம்பத்திரண்டு வயதுகூட ஆகாத நிலையில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு பக்கத்து நாட்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார். 1938இல், பிராக்கில் ஜெர்மன் படை நுழைவதற்கு முன்பே, பெட்செக் குடும்பத்தார் தொழிலை விற்றுவிட்டு நாட்டை விட்டுப் போனார்கள். சரியான நேரத்தில் கிளம்பியதால் உயிர் தப்பியது. வீடும் மேசையும் அப்படியே நின்றன.

1939 மார்ச் 15 காலை ஜெர்மன் படை பிராக்குக்குள் வந்தது. ஷோன்போர்ன் அரண்மனையில் அப்போது ஒரு இளம் அதிகாரி வேலை பார்த்தார். ஜார்ஜ் கென்னன், பனிப்போர்க் காலத்தில் சோவியத்தை எதிர்கொள்ளும் அமெரிக்கக் கொள்கைக்கே அடித்தளம் போட்டவர் என்று பிறகு பெயர் எடுத்தவர். விடிவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. அமெரிக்கத் தூதரகம் அரண்டு போயிருக்கிறது என்று ஜெர்மன்காரர்கள் நினைத்துச் சந்தோஷப்படக் கூடாது என்பதற்காக, அலுவலகம் கிளம்பும் முன் வழக்கத்தைவிடக் கவனமாகச் சவரம் செய்துகொண்டாராம். அன்றைக்கு அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் பலர். கென்னனுக்குப் பழக்கமான ஒரு யூதரும் வந்தார். அடைக்கலம் தர அனுமதி இல்லை, மனம் அமைதியாகும் வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று சொல்ல மட்டுமே கென்னனால் முடிந்தது. அந்த மனிதர் வரவேற்பறையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார்.

தூதரகம் என்றால் அந்நிய மண், உள்ளே நுழைந்துவிட்டால் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். நிலம் எப்போதும் அந்தந்த நாட்டுடையதுதான். உள்ளூர் போலீஸ் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்பதுதான் தூதரகத்துக்கு உள்ள பாதுகாப்பு. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இதே பாதுகாப்பைத் தூதரின் வீட்டுக்கும் தருகிறது. உள்ளே வந்தவரை வைத்துக்கொள்வதும் வெளியே அனுப்புவதும் தூதரகத்தின் அரசு எடுக்கும் முடிவு. 1939இல் வாஷிங்டனின் முடிவு அப்படி இருந்தது.

பெட்செக் குடும்பத்தின் இரண்டு கட்டடங்கள் ஆக்கிரமிப்புக் காலத்தில் இரண்டு விதமாகப் பயன்பட்டன. நகர நடுவிலிருந்த வங்கிக் கட்டடத்தையும் ஷ்பீல்மான்தான் கட்டியிருந்தார். அதை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ எடுத்துக்கொண்டது. விசாரணைக்குக் காத்திருக்கும் கைதிகளை அங்கே ஓர் அறையில் வரிசையாக பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே சுவரை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். திரும்பக் கூடாது, பேசக் கூடாது. கைதிகள் அந்த அறைக்கு வைத்த பெயர் ‘சினிமா’. பணத்தை எண்ணுவதற்காகக் கட்டிய நிலவறைகளில் மனிதர்களை அடைத்தார்கள்.

பூபெனெச் வீட்டுக்கு வந்தவர் ராணுவக்காரர். ஆக்கிரமிப்புப் பகுதியில் ஜெர்மன் ராணுவத்தின் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் ருடால்ஃப் டூசான். மேசைக்கு அடியில் ஸ்வஸ்திகா சீட்டு ஒட்டப்பட்டது இந்தக் காலத்தில்தான். ஒருவன் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் அதை ஒழுங்காக எண் போட்டுப் பதிவு செய்யும் அந்தக் குமாஸ்தா புத்தி எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய அச்சம் தருவது. திருடனிடம் பதிவேடு இருக்காது. அரசிடம் இருக்கும். 1945 மே மாதம் பிராக் மக்கள் கிளர்ந்து எழுந்தபோது, படைகளை விலக்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மே 8 அன்று கையெழுத்திட்டவர் டூசான். பிறகு செக்கோஸ்லோவாக்கியச் சிறையில் நீண்ட காலம் இருந்து 1961இல் விடுதலையானார்.

போர் முடிந்ததும் அமெரிக்கத் தூதராக வந்தவர் லாரன்ஸ் ஸ்டைன்ஹார்ட். மாஸ்கோ, அங்காரா எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர், வழக்கறிஞர், அவரும் யூத வம்சாவளி. வில் போல வளைந்த அந்த வீடு அவர் கண்ணில் பட்டது. 1945இலேயே வாடகைக்குப் பிடித்துக் குடியேறினார். அப்புறம் வாங்கியே விட வேண்டும் என்று தன் அரசை நச்சரிக்க ஆரம்பித்தார்.

வாங்கிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் லாரிகள், இயந்திரங்கள், உணவுப் பொருட்கள், மருந்து என்று மலை மலையாகச் சரக்கு ஐரோப்பாவில் தேங்கிக் கிடந்தது. கப்பலில் திருப்பிக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. அதனால் அந்தந்த நாட்டு அரசுகளுக்கே கடனுக்கு விற்றார்கள். வாங்கிய நாடுகளிடம் திருப்பித் தர டாலர் இல்லை. சரி, டாலர் இல்லாவிட்டால் உங்கள் ஊரில் கட்டடமோ நிலமோ கொடுத்துக் கழியுங்கள் என்பதுதான் ஏற்பாடு. 1946இல் அமெரிக்கக் காங்கிரஸ் வெளிநாட்டுக் கட்டடங்களுக்காக 12.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 11 கோடி இப்படிப்பட்ட கடன் வரவுகளிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியது. கஜானாவிலிருந்து புதிதாக எடுப்பது மிச்சம் ஒன்றரைக் கோடிதான். உலகம் முழுக்க அமெரிக்காவுக்கு இன்று இருக்கும் அழகான தூதர் மாளிகைகளில் பல இந்தக் கணக்கில் வந்தவை.

பெட்செக் மாளிகையும் அந்தக் கணக்கில்தான் வந்தது. 1948 ஜூலையில், தட்டுமுட்டுச் சாமான்கள் உட்பட, வேறு சில சொத்துகளோடு சேர்த்துச் சுமார் 15 லட்சத்து 70 ஆயிரம் டாலர் என்று மதிப்பிட்டுக் கடனில் கழித்தார்கள். யாருடைய கையிலும் பணம் புரளவில்லை.

கொடுத்தது செக்கோஸ்லோவாக்கிய அரசு. கட்டியது ஓட்டோ பெட்செக். நாஜிகள் காலத்தில் மிரட்டலின் பேரில் நடந்த சொத்து மாற்றங்கள் செல்லாது என்று 1945இல் ஆணை வந்தது உண்மை. ஆனால் ஜெர்மானியர் என்று கணக்கில் வந்தவர்களின் சொத்துகள் பறிமுதல் ஆயின, பெரிய தொழில்களும் வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. ஜெர்மன் பேசிய பல யூதக் குடும்பங்கள் இரண்டு பக்கமும் இடிபட்டன. ஹிட்லருக்கு அவர்கள் யூதர்கள், போருக்குப் பின் வந்த அதிகாரிகளுக்கு ஜெர்மானியர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பழமொழி ஒன்று இருக்கிறது. லாரிக் கடனுக்கு ஓட்டோவின் வீட்டைக் கொடுத்த கணக்கைப் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது. வாங்கியவர்களுக்கும் அது யார் வீடு என்பது தெரியாமல் இல்லை.

அமெரிக்கா பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வாங்காமல் விட்டிருந்தால் வீடு பெட்செக் குடும்பத்துக்குத் திரும்பியிருக்கும் என்று நினைக்க இடமில்லை. 1948 பிப்ரவரி 25 அன்று கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். மார்ச் 10 காலையில் யான் மசாரிக், அதாவது கிரேன் வீட்டு மாப்பிள்ளையாக ஒரு காலத்தில் இருந்தவர், வெளியுறவு அமைச்சகத்தின் முற்றத்தில் தன் அறை ஜன்னலுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். குதித்தாரா, தள்ளினார்களா என்பது இன்றைக்கும் வழக்குதான். மாளிகைப் பத்திரம் முடிந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து, அந்தப் புதிய ஆட்சியோடு. அதே பூபெனெச்சில், இன்னொரு யூத வங்கியாளர் கட்டிய மாளிகை 1945இலேயே சோவியத் தூதரகம் ஆகியிருந்தது. இன்று அது ரஷ்யத் தூதரகம்.

அடுத்த நாற்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். தூதர்கள் வந்தார்கள், போனார்கள். வாசலில் யார் நுழைகிறார்கள் என்று ரகசியப் போலீஸ் குறித்துக்கொண்டது. ஷோன்போர்ன் தோட்டத்தின் உச்சியில் குளோரியட்டா என்று ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. அதன் மேல் பறந்த அமெரிக்கக் கொடி கோட்டையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கோட்டையில் உட்கார்ந்திருந்த ஆட்சியாளர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசு.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது ஒரு மருத்துவ அமைப்பின் வேலையாகப் பிராக்கில் இருந்து மாட்டிக்கொண்டவர் ஷிர்லி டெம்பிள் பிளாக், ஒரு காலத்தில் ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரம். (தமிழறிஞர் கமில் சுவெலபில் தன் ஊரான பிராக்கை விட்டு வெளியேறியதும் இந்தப் படையெடுப்பை ஒட்டித்தான். நமக்கு அந்த ஆகஸ்டில் ஒரு பங்கு உண்டு.) இருபத்தோரு ஆண்டு கழித்து, 1989 ஆகஸ்டில், அதே ஷிர்லி டெம்பிள் அமெரிக்கத் தூதராகப் பெட்செக் மாளிகைக்குக் குடிவந்தார். நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 29 அன்று, அந்த ஆட்சியை எதிர்த்துவந்த எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவராகிக் கோட்டைக்குப் போனார். எதிரே தெரிந்த கொடி அதேதான்.

2010 ஏப்ரல் 8 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வெதேவும் கோட்டையில் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று மாலை மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பதினொன்றின் தலைவர்களுக்கு ஒபாமா விருந்து கொடுத்தது தூதர் மாளிகையில். 2011இல் மாளிகை இருக்கும் தெருவுக்கு ரொனால்ட் ரீகன் பெயர் வைத்தார்கள். ஓட்டோ பெட்செக் பெயரில் தெரு வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம்.

அதே 2011இல்தான் ஐசன் வந்தார். பிள்ளை தூதராகப் போகிறான் என்ற செய்தி அவருடைய தாய்க்குப் பெருமையோடு பயத்தையும் கொடுத்திருக்கிறது. அந்த மண்ணில் தன் குடும்பத்துக்கு நேர்ந்தது அப்படி. ஐசன் வந்ததும் சமையலறையை யூதச் சாத்திரப்படி சுத்தம் செய்து மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை அந்தி சாயும்போது மெழுகுவர்த்தி ஏற்றி, ஷப்பாத் என்ற யூத ஓய்வு நாளை வரவேற்கும் விருந்து நடந்தது. மேசைக்கு அடியில் இரண்டு சீட்டும் ஒட்டியபடியே இருந்தன.